டர்போவுக்கு ஒரு லட்சம் கூடக் கொடுக்கலாமா?

மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ரோட்டில் திரும்பியதும் நான் முதலில் செய்கிற வேலை ஏசியை அணைப்பது. ஒன்பது வருடம் அப்படித்தான் ஓட்டினேன். பழைய கார், 1.2 லிட்டர் பெட்ரோல். நானும் மனைவியும், பின்னால் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும், டிக்கி நிறைய சாமான். இந்தச் சுமையோடு இரண்டாவது கியரில் போட்டு மிதித்தால் சத்தம் வருமே தவிர வண்டி நகராது. மனைவியின் அப்பா அம்மா கோத்தகிரியில் இருக்கிறார்கள். மாதம் இரண்டு தடவையாவது அந்த மலையில் ஏறி இறங்குவோம்.

2023 கடைசியில் புது கார் வாங்கும் நேரம் வந்தபோது மாருதி ஃபிராங்க்ஸ் என்று முடிவாகிவிட்டது. எந்த என்ஜின் என்பதில்தான் இரண்டு வாரம் போனது. அதே கார், அதே டெல்டா பிளஸ் வேரியன்ட், 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் என்றால் ஒரு விலை. 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ என்றால் சுளையாக ஒரு லட்சம் கூடுதல். 2023 ஏப்ரலில் கார் வந்தபோது ஷோரூம் விலை 8.72 லட்சம், 9.72 லட்சம் என்றுதான் அறிவித்தார்கள்.

இந்த வருடம் சென்னையில் இருக்கும் என் மச்சினன் அதே கேள்வியோடு போன் செய்தான். "மாமா, டர்போவே எடுத்துரட்டுமா?" என்றான். நான் டர்போ எடுத்தவன். இரண்டு வருடமாக ஓட்டிப் பார்த்துச் சந்தோஷமாக இருப்பவன். இருந்தும் அவனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். எனக்குச் சரியாக இருந்தது அவனுக்கு ஏன் சரியில்லை என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பிரௌச்சரில் பார்க்க வேண்டிய எண்

பிரௌச்சரில் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைசக்தி. 1.2 என்ஜினுக்கு 90 பிஎஸ், டர்போவுக்கு 100 பிஎஸ். பத்து குதிரைக்கு ஒரு லட்சமா என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதாக இருந்தால் டர்போ நஷ்டக் கணக்குதான்.

பார்க்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் முறுக்குவிசை, அதாவது டார்க். என்ஜினின் இழுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2 என்ஜினுக்கு 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,400 சுற்றில், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு 4,400 முறை சுற்றும்போது. டர்போவுக்கு 147.6, அது 2,000 சுற்றிலேயே வந்து 4,500 வரை அப்படியே நிற்கிறது. இந்த "எந்தச் சுற்றில்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நாம் யாரும் தினமும் 6,000 சுற்றில் கார் ஓட்டுவதில்லை. 90 பிஎஸ் என்கிற எண் 6,000 சுற்றில் கிடைப்பது. ஊருக்குள்ளும் மலையிலும் சுற்றைக் காட்டும் ஊசி 1,500க்கும் 4,000க்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

சக்தி என்பது டார்க்கையும் சுற்றையும் பெருக்கி வருவது. அதனால் ஒரே சுற்றில் இரண்டையும் வைத்து நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4,400 சுற்றில் 1.2 என்ஜின் தருவது ஏறக்குறைய 71 பிஎஸ். அதே 4,400 சுற்றில் டர்போ தருவது 92 பிஎஸ். பிரௌச்சரில் பத்தாகத் தெரிந்த வித்தியாசம் இங்கே இருபத்தொன்று. இன்னும் கீழே 2,000 சுற்றுக்கு வந்தால் டர்போவின் டார்க் முழுதாக நிற்கும், 1.2 இன்னும் தன் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். ஆள் நிறைந்த கார் மேட்டில் நின்று கிளம்பும்போது நம் காலுக்குத் தெரிவது இந்த வித்தியாசம்தான்.

டர்போ செய்கிற வேலை சிக்கலானதில்லை. சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் மறுபக்கம் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அழுத்தினால் காற்று சூடாகும், அதை இன்டர்கூலர் ஆற்றிக் கொடுக்கும். கூடக் காற்று போனால் கூடப் பெட்ரோலை எரிக்கலாம். 998 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின் 1,197 சிசி, நான்கு சிலிண்டர் என்ஜினை முந்துவது இப்படித்தான்.

சின்ன என்ஜினில் டர்போ மாட்டும் பழக்கம் நம் நாட்டில் பரவியதற்கு வரியும் ஒரு காரணம். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் என்ஜின், இரண்டும் இருந்தால்தான் சின்ன காருக்கான வரி. என்ஜினைப் பெரிதாக்கினால் வரி ஏறும், டர்போ மாட்டினால் ஏறாது. மாருதி இதே 1.0 பூஸ்டர்ஜெட்டை 2017லேயே பலேனோ ஆர்எஸ்ஸில் கொடுத்துப் பார்த்தது.

மலையில்தான் இதன் அருமை தெரியும்

முடிவை எனக்கு எடுத்துக் கொடுத்தது உயரம்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேலே போகப் போகக் காற்று மெலியும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே குறைந்துவிடுகிறது. குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுசெய்யும். ஈடுசெய்தது போக, சாதாரண என்ஜின் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது. 90 பிஎஸ் கார் அங்கே 72 பிஎஸ் கார் மாதிரி ஓடும். மேடு அதிகமாக இருக்கிற இடத்தில்தான் பலமும் குறைகிறது. ஒன்பது வருடம் நான் ஏசியை அணைத்ததற்குக் காரணம் இதுதான். என் ஓட்டத்தில் குறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டர்போ என்ஜின் வெளிக்காற்றை அழுத்தித்தான் எடுத்துக்கொள்கிறது. காற்று மெலிந்தால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றி, முடிந்த அளவுக்கு அந்தக் குறையை நிரப்பும். முழுக்க நிரப்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் இழப்பு குறைவு என்பது ஓட்டும்போதே தெரியும். டர்போவின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஷி 1905இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். 1918இல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், விமான என்ஜின் ஒன்றை லாரியில் ஏற்றி, கொலராடோவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய், டர்போ மாட்டி ஓட்டிக் காட்டினார். தரையில் கொடுத்த பலத்தை அது உச்சியிலும் கொடுத்தது. மெலிந்த காற்றைச் சமாளிக்கத்தான் அன்று இதைத் தேடிப் போனார்கள்.

டெஸ்ட் டிரைவுக்குக் காரை ஷோரூம் பக்கத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது எனக்கு இரண்டு என்ஜினும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இன்னும் சொன்னால் முதல் கியரில் 1.2தான் மென்மையாகத் தெரிந்தது. நான்கு சிலிண்டர் இல்லையா, அதிர்வே இல்லை. அப்புறம் கேட்டு வாங்கி மருதமலை அடிவாரத்துக்குக் கொண்டுபோனேன். மனைவி, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் உள்ளே, ஏசி ஓடுகிறது. கோயிலுக்கு ஏறும் ரோட்டில் ஒரு கார், அப்புறம் இன்னொரு கார். பத்து நிமிட வேலை. மூன்றாவது கியரில் டர்போ ஏறியது. 1.2 இரண்டுக்கு இறங்கி இரைந்தது. பின்சீட்டிலிருந்து அம்மா, "இது சத்தம் போடாம போகுதே" என்றார்.

வாங்குகிறவர்கள் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். தனியாக, சமதரையில், ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு இந்த முடிவை எடுக்கவே கூடாது. வீட்டில் எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். பக்கத்தில் மலை இல்லையென்றால் ஒரு மேம்பாலம் போதும்.

டர்போ படுத்தும் இடங்கள்

குறை இல்லாமல் இல்லை. 1,800 சுற்றுக்குக் கீழே இந்த என்ஜின் வெறும் 1.0 லிட்டர் என்ஜின்தான். புகை குறைவாக வரும்போது சக்கரம் சுற்றாது. சுற்றவில்லையென்றால் இழுவை இல்லை. கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரிலேயே திரும்பிவிட்டால் வண்டி ஒரு நொடி சோர்ந்து நிற்கும், அப்புறம் திடீரென்று பாயும். முதல் மாதம் இந்தப் பாய்ச்சல் என்னைப் பயமுறுத்தியது. வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டால் இது நேராது. பழகிக்கொள்ள நான்கைந்து பயணம் ஆனது.

ஊருக்குள் இது வேறு மாதிரி தொல்லை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று, இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிற போக்குவரத்தில் ஊசி 1,500ஐத் தாண்டவே தாண்டாது. அங்கே டர்போவுக்குக் கொடுத்த பணம் சும்மா இருக்கிறது. காந்திபுரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு என் காரைவிட 1.2 ஃபிராங்க்ஸ் ஓட்டச் சுலபம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மைலேஜும் அப்படித்தான். கம்பெனி சொல்லும் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது: மேனுவலில் 1.2க்கு லிட்டருக்கு 21.79 கிலோமீட்டர், டர்போவுக்கு 21.5. என் காரில் நான் குறித்து வைத்தபடி ஊருக்குள் 13, ஹைவேயில் 18, மலையேற்றத்தில் 11. என் சித்தப்பா பையனிடம் 1.2 ஃபிராங்க்ஸ் இருக்கிறது. அவனுக்கு ஊருக்குள் 15, ஹைவேயில் 20. மலையில் அவனுக்கும் 11தான் வருகிறது, ஏனென்றால் அவன் 4,000 சுற்றுக்கு மேலே வைத்து ஏற்ற வேண்டியிருக்கிறது. டர்போ பெட்ரோல் காரின் மைலேஜ் வலது காலைப் பொறுத்தது என்பார்கள். இழுவை இருக்கிறதே என்று அடிக்கடி மிதித்தால் அந்த இழுவைக்கான பெட்ரோலும் போகத்தான் செய்யும்.

பராமரிப்பில் ஆயில்தான் உயிர். டர்போ சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அதன் அச்சைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். கம்பெனி சொன்ன கிரேடு, சொன்ன தேதி, இரண்டையும் தள்ளிப் போடக் கூடாது. மலை ஏறி முடித்ததும் சடாரென்று சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கிறேன். சூட்டில் ஆயில் கருகாமல் இருக்க அது உதவும். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாயும் என்ஜின் இது என்பதால் காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வைக் கழுவ அங்கே பெட்ரோல் வருவதில்லை, நாளாவட்டத்தில் கரி படியலாம். நீண்டநாள் வைத்திருக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் நீட்டிப்பு வாரன்டி வாங்கினேன். 1.2 வாங்கியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். ஆகவே அந்தப் பணத்தையும் டர்போ கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஒரு லட்சம் என்பது ஒரு லட்சம் இல்லை

ஷோரூம் விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை மாற்றினார்கள். கார் விலை 5 முதல் 10 லட்சம் வரை என்றால் 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். டெல்டா பிளஸ்ஸில் இரண்டு என்ஜினும் பத்து லட்சத்துக்குள்தான் இருந்தன. அதனால் ஒரு லட்சத்துக்கு 13,000 வரி, ஆக 1.13 லட்சம். 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் என்றால் இதற்கு மட்டும் மாதத் தவணை 2,350 ரூபாய் சொச்சம். கட்டி முடிக்கும்போது 1.4 லட்சம் போயிருக்கும்.

இன்சூரன்ஸில் ஒரு சின்ன லாபம் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு சிசியைப் பொறுத்தது. 2022 ஜூனில் அமலான கட்டணப்படி, புதுக் காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்து 1,000 சிசி வரை 6,521 ரூபாய், அதற்கு மேல் 1,500 வரை 10,640 ரூபாய். டர்போ 998 சிசி என்பதால் நாலாயிரம் ரூபாய் மிச்சம். கார் விலை கூடுவதால் சொந்தச் சேதக் காப்பீடு கொஞ்சம் கூடும், இரண்டும் ஏறக்குறைய சரியாகப் போய்விடும்.

பணம் கைமீறிப் போவது அடுத்த படியில்தான். டர்போவே எடுக்கிறோம், இன்னும் ஒரு படி மேலே ஜீட்டா போகலாமே என்று ஆசை வரும். அந்த அறிமுக விலையையே உதாரணத்துக்கு வைத்துப் பார்க்கலாம். டெல்டா பிளஸ் டர்போ 9.72, ஜீட்டா டர்போ 10.55. வித்தியாசம் 83,000 ரூபாய். ஆனால் பத்து லட்சக் கோட்டைத் தாண்டிவிட்டதால் வரி 1.26 லட்சத்திலிருந்து 1.9 லட்சமாகிறது. 83,000 ரூபாய் வசதிக்கு 63,000 ரூபாய் வரி! இந்தக் கணக்கைப் பார்த்ததும் நான் ஜீட்டாவை விட்டுவிட்டேன்.

2025 செப்டம்பர் 22இல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது. முன்பு செஸ் சேர்த்து 29 சதவீதம், இப்போது 18. அதே 10.55 லட்சக் காரை இன்றைய வரியில் கணக்கிட்டால் 9.65 லட்சம்தான் வரும். கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது. இப்போது வாங்குகிறவர்கள் ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வேரியன்ட் பத்து லட்சத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான். சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் அரை லட்சம் ரூபாய் வரி மாறும்.

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவர்களுக்குக் கேள்வியே மாறிவிடுகிறது. ஃபிராங்க்ஸில் 1.2 எடுத்தால் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் ஏஎம்டி, அதாவது நம் மேனுவல் கியரையே இயந்திரம் மாற்றிக் கொடுக்கும் வகை. டர்போ எடுத்தால் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் வகை. கியர் மாறுவது தெரியாது, மேட்டில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளும் பயம் குறைவு. அதில் டர்போவின் அந்தச் சோர்வும் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் அறிமுக விலையில் டெல்டா பிளஸ் ஏஎம்டி 9.27 லட்சம், டர்போ ஆட்டோமேட்டிக் ஜீட்டாவில்தான் தொடங்கியது, 12.05 லட்சம். சாலை வரியையும் சேர்த்தால் வித்தியாசம் 3.7 லட்சத்தைத் தாண்டும். இதில் டர்போவுக்கு எவ்வளவு, கியர்பாக்ஸுக்கு எவ்வளவு, ஜீட்டாவின் கூடுதல் வசதிகளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் "டர்போ ரொம்ப விலை" என்றோ "டர்போ சூப்பர்" என்றோ சொல்வது சரியில்லை. முழங்கால் வலியோடு தினமும் மலையில் ஓட்டுகிறவருக்கு அந்தக் கியர்பாக்ஸே மூன்று லட்சம் பெறும்.

கம்பெனி டர்போவா, வெளியே ரீமேப்பா

வெளிநாடுகளில், கார் வாங்கிய பிறகும் கம்பெனி அனுமதியோடு பலம் கூட்டிக்கொள்ள வழி இருந்தது. பிரிட்டனில் 182 பிஎஸ் ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டியை மவுன்ட்யூன் என்ற நிறுவனத்தின் கிட் போட்டு 215 ஆக்கிக் கொடுத்தார்கள், டீலரே மாட்டுவார், வாரன்டியும் போகாது. நம் ஊரில் பெரும்பாலும் வாங்கும்போதே தேர்ந்தெடுப்பதுதான் வழி. அதற்குப் பிறகு என்றால் வெளிக்கடைதான்.

சாதாரண 1.2 காரை வாங்கி வெளியே டர்போ மாட்டலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பிஸ்டன், கனெக்டிங் ராடு, கூலிங் எதுவும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதில்லை. ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

இருக்கிற டர்போ காரில் கம்ப்யூட்டர் ரீமேப் செய்வது, அதாவது என்ஜினை நடத்தும் மென்பொருளை மாற்றிப் பலம் கூட்டுவது, வேறு விஷயம். செலவு குறைவு, பலன் உடனே தெரியும். கோவையில் இதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. என் நண்பர் ஒருவர் தன்னுடைய சின்ன டர்போ பெட்ரோல் காரில் செய்தார். முதல் வாரம் போன் போட்டுப் போட்டுச் சொன்னார். எட்டாவது மாதம் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, மென்பொருள் மாறியிருக்கிறது, வாரன்டி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முழுச் செலவும் அவர் தலையில். அவர்கள் செய்ததில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கிளட்ச் அந்த டார்க்குக்காக வந்ததில்லை.

கம்பெனி செய்யும்போது கிடைக்கிற முழுமை என்ன என்பதற்கு எங்கள் ஊர் சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. டாடா மோட்டார்ஸும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்று இரண்டு கார்களைக் கொண்டுவந்தன. 85 பிஎஸ் டியாகோ, டர்போ போட்டு 114 பிஎஸ் ஆனது. என்ஜினோடு நிற்கவில்லை. சஸ்பென்ஷன், அகல டயர், கியர் விகிதம் எல்லாவற்றையும் அந்தப் பலத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். டியாகோ ஜேடிபியின் விலை 6.39 லட்சம். பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020இல் அந்த முயற்சி நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம்.

அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஃபிராங்க்ஸ் டர்போவில் எனக்கு ஒரு குறை உண்டு. பலத்தைக் கூட்டியவர்கள் பின்பக்கம் அதே டிரம் பிரேக்கையே கொடுத்திருக்கிறார்கள். பலேனோ ஆர்எஸ்ஸில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் கொடுத்தது இதே கம்பெனிதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்யப்படும் ஹூண்டாய் ஐ20 என்லைனில் 120 பிஎஸ் டர்போவோடு நான்கு டிஸ்க்கும் இறுக்கமான சஸ்பென்ஷனும் கிடைக்கும். ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கு, கூடக் கொடுக்கும் பணத்துக்கு அங்கே பொருள் அதிகம். குடும்பத்தோடு மலையேறும் எனக்கு ஃபிராங்க்ஸின் உயரம்தான் முக்கியமாக இருந்தது.

பழைய கார் வாங்கத் தயங்காதவர்களுக்கு இன்னொரு வழி, 2020க்குப் பிந்தைய ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ டர்போ. டர்போ என்ன செய்யும் என்பதை அந்தக் காரைவிடத் தெளிவாகக் காட்டுவது எதுவும் இல்லை. அதே 999 சிசி, டர்போ இல்லாமல் 76 பிஎஸ், 95 நியூட்டன் மீட்டர். டர்போவோடு 110 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். 2022இல் தயாரிப்பு நின்றுவிட்டது. சர்வீஸ் வரலாறு முழுதாக இருக்கும் வண்டியாகக் கிடைத்தால் மட்டும் பாருங்கள்.

மச்சினனுக்கு என்ன சொன்னேன்

அவன் வீடு வேளச்சேரி, வேலை சிறுசேரி. தினமும் ஓஎம்ஆர். வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுவான், அதில் பெரும்பங்கு நின்று நின்று போகும் ஓட்டம். காரில் பெரும்பாலும் அவன் மட்டும்தான்.

அவனுக்கான கணக்கை போனிலேயே போட்டோம். என் காருக்கு ஊருக்குள் 13, 1.2க்கு 15 என்று வைத்தால் வருடத்துக்கு 123 லிட்டர் கூடுதல். பெட்ரோல் நூறு ரூபாய் என்றாலே 12,300. ஐந்து வருடத்தில் அறுபதாயிரத்தைத் தாண்டும். டர்போவுக்கான கடனும் வரியும் 1.4 லட்சம். ஆக இரண்டு லட்சம் ரூபாய், அதுவும் 1,800 சுற்றைத் தாண்டாத போக்குவரத்தில் ஓட்டுவதற்கு. விற்கும்போது டர்போவுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், ஆனால் அதை நம்பி வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஹைவேயில லாரியை ஓவர்டேக் பண்றப்ப தேவைப்படாதா மாமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இருவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் நிற்கிற நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. எனக்கு மலையேற்றத்துக்கு அடுத்தபடி டர்போ பிடித்துப்போனது சத்தியமங்கலம் ரோட்டில் அந்த ஓவர்டேக்குக்காகத்தான். ஆனால் அவன் வருடத்தில் நான்கு முறை விழுப்புரம் பக்கம் போகிறவன், அதுவும் நால்வழிச் சாலை. அதற்கு 1.2 தாராளமாகப் போதும், ஒரு கியர் இறக்கிப் போட்டால் சரி.

அவன் நிலைமையில் நான் இருந்தால் 1.2 டெல்டா பிளஸ் ஏஎம்டி எடுப்பேன் என்றேன். இடது காலுக்கு ஓய்வு கிடைக்கும், கம்பெனி கணக்கில் ஏஎம்டிக்கு மைலேஜும் மேனுவலைவிடச் சற்று அதிகம், 22.89. இன்னும் அதிகம் ஓட்டுகிறவனாக இருந்தால் சிஎன்ஜி பார்க்கச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் அவன் கேட்டது, "அப்ப கோத்தகிரிக்கு?" கோத்தகிரிக்கு அவன் காரில் வந்து நான் பார்த்ததே இல்லை. ராத்திரி சென்னையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுவான், விடியக்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்குவான், அங்கிருந்து கூட்டிப்போவது நான்தான். போன மாதம் ஏஎம்டியை புக் செய்துவிட்டான். பொங்கலுக்கு வரும்போதும் ஸ்டேஷனுக்கு என் காரைத்தான் கொண்டுபோகிறேன். மலையேற்றத்தை அவன் ஓட்டுவதாகப் பேச்சு. வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.